ஆஃப்ரோபீட் இசையை ஏன் கறுப்பினத் தன்மானத்தின் குரல் என்கிறார்கள்?

நைஜீரியாவின் ஃபெலா குட்டி, டிரம்ஸ் கலைஞர் டோனி ஆலனோடு சேர்ந்து 1960களின் இறுதியில் உருவாக்கிய இசை இது. நைஜீரியாவின் யொரூபா இனத்தாரின் தாளம், மேற்கு ஆப்பிரிக்க நடன இசையான ஹைலைஃப், கறுப்பின அமெரிக்கரின் ஜாஸ், ஃபங்க் எல்லாம் இதில் கலந்திருக்கும்.

திருப்புமுனை 1969. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின உரிமை ஆர்வலர் சாண்ட்ரா இசடோர் மூலம், அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் தன்வரலாற்றைப் படித்தார் ஃபெலா. ஆப்பிரிக்கனாகப் பிறந்தும் ஆப்பிரிக்காவை அறியாமல் இருந்தது அவருக்கு உறைத்தது. ஊர் திரும்பியதும் பாட்டின் பொருளே மாறியது: காலனிய மனப்பான்மை, ராணுவ ஆட்சி, ஊழல். பின்னாளில் பெயரிலிருந்த 'ரான்சம்' என்பதை அடிமைப் பெயர் என்று நீக்கி, 'அனிகுலாபோ' ஆக்கிக்கொண்டார். 'சாவைத் தன் பையில் வைத்திருப்பவன்' என்று பொருள். எவ்வளவு துணிச்சல்! பாடியது பெரும்பாலும் பல இனத்தாரும் பேசும் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில். யொரூபாவில் மட்டும் பாடியிருந்தால் மற்ற இனத்தாருக்குப் புரிந்திருக்காது.

ஒரே உரலில் நாலு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். இந்த இசையும் அப்படித்தான்: டிரம்ஸ், கிட்டார், பேஸ், ஷெக்கெரே (மணிகள் கோத்த சுரைக்குடுக்கை) ஒவ்வொன்றும் சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒன்று பிசகினாலும் ஓட்டம் கெடும். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டில் குரல் நுழையவே பாதி நேரம் போய்விடும். முதல் இரண்டு நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

நைஜீரியப் பாடகர்கள் பர்னா பாய், விஸ்கிட் பாடும் இன்றைய 'ஆஃப்ரோபீட்ஸ்' இதுவே என்று பலர் நினைக்கிறார்கள். கடைசி 'ஸ்' சேர்ந்த அது, 2000க்குப் பிறகு வளர்ந்த வேறொரு பாப் இசை.