மஞ்சள் விளக்கு மினுக்குதா, நின்னு எரியுதா?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே: அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் போய் 2013 மாடல் பழைய கார் ஒண்ணு வாங்கினீங்க. அக்டோபர் பிறந்ததும் காலையில டயர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிஞ்சு, மத்தியானம் தானா அணைஞ்சுது. இப்போ வண்டிய ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் மினுக்கிட்டு, அப்புறம் அணையாமலே நிக்குது. கடைக்காரர் டயர் காத்தை அளக்கற நாலு சென்சாரையும் மாத்தணும், 400 டாலர் ஆகும்ங்கறார். கோத்தகிரி பக்கத்து அரவேணுவுல இருந்து அப்பா, "அது மேல ஒரு டேப்பை ஒட்டிட்டு ஓட்டுடா"ங்கறார்.

400 டாலரை இப்பவே எடுக்காதீங்க. அப்பாவோட டேப்பும் வேண்டாம்.

உங்களுக்கு வந்திருக்கறது ரெண்டு தனித்தனி சங்கதி. விளக்கு நிலையா எரிஞ்சா காத்து குறைஞ்சிருக்கு. ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் மினுக்கிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சா, காத்தை அளக்கற ஏற்பாட்டுலயே கோளாறு. முன்னாடி வந்தது முதல் வகை. இப்போ வர்றது ரெண்டாவது.

முதல் வகை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புதுசு. லீவுக்கு நான் இப்போ கோத்தகிரியிலதான் இருக்கேன். என் தம்பி மலையடிவார மேட்டுப்பாளையத்துல வெயில்ல காத்து பிடிச்சுட்டு மேல வருவான், மறுநாள் காலைக் குளிர்ல காத்தழுத்தம் அளக்கற கேஜ் வெச்சுப் பார்த்தா பெருசா குறைஞ்சிருக்காது. குளிர் குறைக்கத்தான் செய்யுது; சுமார் அஞ்சரை டிகிரி செல்சியஸுக்கு ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) இறங்கும். ஆனா ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மேல ஏறினதுல வெளிக்காத்தோட அழுத்தமும் ரெண்டு பிஎஸ்ஐக்கு மேல குறைஞ்சிடுது. கேஜ் காட்டறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம். அதனால இங்க குளிர் எடுத்ததுல பெரும்பகுதியை மலை திருப்பிக் குடுத்துடுது. மினசோட்டாவுல திருப்பிக் குடுக்க மலை இல்லை. மத்தியானம் 20 டிகிரி, விடியக்காலை மைனஸ் 5ன்னா நாலு பிஎஸ்ஐக்கு மேல போயிடும், பஞ்சரே இல்லாம.

இன்னொண்ணு. 2000த்துல ஃபயர்ஸ்டோன் டயரோட மேல்பட்டை பிரிஞ்சு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்ட விவகாரத்துக்கு அப்புறம்தான் அமெரிக்காவுல இந்த டயர் விளக்குக்குச் சட்டம் வந்தது. 2007 செப்டம்பர்ல இருந்து எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். கம்பெனி சொன்ன அளவுல 25 சதவீதம் குறைஞ்சாத்தான் விளக்கு எரிஞ்சாகணும்ங்கறது விதி. 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வந்த பிறகு எரிஞ்சாலும் சட்டப்படி சரி. அதனால விளக்கை நம்பாதீங்க, ஒரு கேஜ் வாங்கி வண்டியிலேயே போட்டு வைங்க. அளவு டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்க ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் மேல அச்சடிச்சிருக்கறது உச்ச வரம்பு, அதைப் பார்த்துக் காத்து பிடிக்கறவங்க நம்மாட்கள்ல நிறையப் பேர். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, காலையில எடுக்கறதுக்கு முன்னாடி அளக்கணும்.

இனி மினுக்கறது. சென்சார் ரிம்முக்கு உள்ளே, வால்வோட அடியில இருக்கு. பேட்டரி உள்ளேயே சீல் பண்ணினது, தனியா மாத்த முடியாது. அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரும். 2013 வண்டியில வண்டியோட வந்த சென்சாரே இருந்தா ஆயுசு முடிஞ்சிருக்கும். ஆனா நாலும் ஒரே நாள்ல சாகாது. ஸ்கேன் கருவி வெச்சிருக்கற டயர் கடைக்குப் போய் "எது செத்திருக்கு?"ன்னு கேளுங்க. ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் கருவியைக் காட்டினா, உயிரோட இருக்கற சென்சார் தன் நம்பரையும் அழுத்தத்தையும் சொல்லும். பதில் சொல்லாததை மட்டும் மாத்தி, புது நம்பரை வண்டிக்குப் பதிய வெச்சா போதும். டயரே தேஞ்சு மாத்தற நிலையில இருந்தா மட்டும் நாலையும் சேர்த்து மாத்துங்க. டயரைக் கழட்டி மாட்டற கூலி ரெண்டாவது தடவை குடுக்க வேண்டாம்.

அதுக்கும் முன்னாடி, பழைய ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பனிக்கால டயரை வேற ரிம்முல போட்டு வித்திருந்தா, அதுல சென்சாரே இல்லாம இருக்கலாம். சில கம்பெனி வண்டிகள்ல சக்கரத்துக்குள்ள சென்சாரே கிடையாது. பிரேக் போட்டா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற ஏபிஎஸ் ஏற்பாடு, சக்கரம் சுத்தற வேகத்தை வெச்சே காத்து குறைஞ்சதைக் கண்டுபிடிக்கும். அந்த மாதிரி வண்டிக்கு யாராவது சென்சார் விக்கப் பார்த்தா கடையை விட்டு வெளிய வந்துடுங்க.

வால்வு மூடி பிளாஸ்டிக்காவே இருக்கட்டும். பளபளன்னு உலோக மூடி போட்டா, ரோட்டுல தூவற உப்புக்கு அலுமினிய வால்வோட ஒட்டிக்கும். முறுக்கினா வால்வே உடைஞ்சு வரும், அதோட சென்சாரும் போச்சு. வண்டி எந்தக் கம்பெனி, வால்வு ரப்பரா உலோகமான்னு பார்த்து எழுதுங்க, மேற்கொண்டு சொல்றேன்.