மரணத்தை ஒரு பாத்திரமாக வைத்த மிகுபுனைவுகளில் உங்கள் மனதில் நின்றது எது? ஏன்?

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1991-இல் எழுதிய 'ரீப்பர் மேன்'. டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் வரிசை நாவல்களில் ஒன்று.

நான் அதைப் படித்தது 2021 கடைசியில். அந்த வருடம் மே மாதம் கொரோனாவில் அப்பா போய்விட்டார். முகம் பார்க்க விடவில்லை. அன்று ராத்திரி டிவியில் மாவட்டவாரியாக எண்ணிக்கை ஓடியது. எங்கள் மாவட்டத்துக்கு நேராக இருந்த எண்ணில் அப்பாவும் ஒன்று. ரொம்ப நாள் அந்த எண்தான் கண்ணில் நின்றது.

இந்த நாவலில் மரணம் கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு. பிங்கி என்றொரு வெள்ளைக் குதிரை வைத்திருக்கிறார். அவர் பேசுவது மட்டும் ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். (பெரிய எழுத்தே இல்லாத தமிழில் இந்தக் குரலை எப்படிக் கொண்டுவருவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டு எழுத்து மாதிரி ஏதாவது செய்தால்தான் உண்டு.) நம் யமனைப் போல அவருக்குச் சித்திரகுப்தனும் கிடையாது, பாவ புண்ணியக் கணக்கும் கிடையாது. நேரம் முடிந்தவரிடம் வருவார், அவ்வளவுதான்.

கணக்குப் பார்ப்பவர்கள் வேறு சிலர். பிரபஞ்சத்தின் தணிக்கையாளர்கள். வெறும் சாம்பல் நிற அங்கிகள், உள்ளே ஆளே கிடையாது. அவர்களில் ஒருவர் தப்பித்தவறி 'நான்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கணமே காணாமல் போவார். மரணத்துக்கு 'தான்' என்ற எண்ணம் வந்துவிட்டது என்பதுதான் அவர்கள் கண்ட குற்றம். அதற்காக அவரை வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கென்று ஒரு மணற்கடிகாரமும் ஓட ஆரம்பிக்கிறது.

மிச்சமிருக்கும் நாளைக் கழிக்க, பில் டோர் என்ற பெயரில், மிஸ் ஃப்ளிட்வொர்த் என்ற வயதான பெண்ணின் பண்ணையில் கூலிக்குச் சேருகிறார். அங்கே புல் அறுக்கும் வேலை வருகிறது. நீளப் பிடி போட்ட அரிவாளை ஒரு வீச்சு வீசினால் ஒரு பட்டை சாயும். ஆனால் இவர் ஒவ்வொரு புல்தாளாக அறுக்கிறார்! அப்படியும் வேலை மற்றவர்கள் வேகத்துக்கு முடிந்துவிடுகிறது. அவருக்கு வேறு மாதிரி அறுக்கத் தெரியாது. எத்தனை லட்சம் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துத்தான் எடுப்பார். அதே ஊர்க் கொல்லர் ஒட்டுமொத்தமாக அறுத்துத் தள்ள ஒரு மெஷின் செய்கிறார். மரணம் அதைப் பார்த்து மிரளுகிற இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேலே படிக்க இரண்டு நாள் ஆயிற்று.

புறநானூறு 230-இல் அரிசில்கிழார், அதியமான் எழினியைக் கொண்டுபோன கூற்றத்தைத் திட்டுகிறார். நொடித்துப்போன உழவன் விதைநெல்லையே தின்றது போல இவன் ஒருவன் உயிரைத் தின்றுவிட்டாயே, இவனை விட்டிருந்தால் போர்க்களத்தில் எத்தனை பகைவர் உயிரைக் குடித்து வயிறு நிறைந்திருப்பாய் என்கிறார். அங்கும் உழவன், இங்கும் உழவன். எழினி போன துக்கத்தில் அவருக்குக் கூற்றம் விவரம் கெட்ட உழவனாகத் தெரிகிறது. அப்பா போன புதிதில் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிராட்செட்டின் மரணம் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் அறுக்காத உழவன். இப்படியும் நினைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அம்மா டெல்டாக்காரி. கருக்கரிவாளால் பிடி பிடியாக அறுத்து அரி போட்ட கை. கடைசியில் மரணம் திரும்பவும் தன் வேலைக்கே வந்து, மிஸ் ஃப்ளிட்வொர்த்தை அறுவடைத் திருவிழா நடனத்துக்குக் கூட்டிப்போவதையும், வெகுகாலம் முன்பு மலைப் பனியில் செத்துப்போன அவள் காதலனிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் சொன்னேன். அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அவள் மனசு அறுப்பிலேயே நின்றுவிட்டது.

"ஒத்தை ஒத்தைத் தாளாவா அறுத்தாரு?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் கேட்டாள்: "மணி ஏதும் கீழ சிந்தலையே?"