பள்ளி திறக்கும் முன் வகுப்பறையில் கம்பிப் பந்தல் கட்டுவது எதற்காக?

கம்பிப் பந்தல் என்பது வகுப்பறையின் குறுக்கே இழுத்துக் கட்டிய சில கம்பிகள்தான். பிள்ளைகள் வரைந்தது, எழுதியது, மடித்த காகிதம் எல்லாம் அதில் தொங்கும். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2000-களில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறையோடு இது பரவியது. சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதும் தாழ்மட்டக் கரும்பலகையும் அப்போது வந்ததே.

காரணம் எளிது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் கிறுக்கல் தலைக்கு மேலே ஆடுவதைப் பார்த்தால் ‘இது என் இடம்’ என்று தோன்றும். பயம் குறையும், அப்புறம் வாயும் திறக்கும். முதல் வகுப்பு எடுக்கும் எனக்கு அதுதான் பெரிய விஷயம். வீட்டில் முதல் படத்தைச் சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவோமே, அதே மகிழ்ச்சி.

மே மாதக் கடைசியில் துருப்பிடித்த கம்பியை மாற்றி, ஆணி உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே கட்ட வேண்டாம். துணி மாட்டும் கிளிப் போதும்.

ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்றே பந்தல் நிறைந்திருக்க வேண்டும் என்று பலர் கடையில் படங்கள் வாங்கித் தொங்கவிடுகிறார்கள். அது தேவையில்லை, முதல் நாள் அது காலியாக இருப்பதே சரி.