இருமினாலே நனையுதுங்க… டேப் வெச்சுக்கலாமுங்களா?

சென்ற இதழில் பெண்களுக்கு வரும் சிறுநீர்க் கசிவு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசியில் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான். பலரும் கேட்டிருப்பது 'டேப்', 'மெஷ்', 'ஸ்லிங்' என்று சொல்லப்படும் நாடா அறுவை சிகிச்சை பற்றி. மகளிர் நல மருத்துவர், சிறுநீரியல் மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

திருப்பூர் வாசகி: வயசு 44ங்க. ரெண்டும் சுகப்பிரசவம். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. தும்முனா, சிரிச்சா, பண்டலைத் தூக்குனா நனைஞ்சு போகுது. அதுக்குப் பயந்துட்டு காலையில டீ குடிக்கறதோட சரி, சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லைங்க. டாக்டரம்மா டேப் வெச்சரலாம்கறாங்க. வெச்சுக்கறதுங்களா?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதம் அடித்தசைப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தோப்பில் தண்ணீர் பாயும் ஓஸைக் கெட்டித் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே ஓஸ் சேற்றில் கிடந்தால், மிதிக்க மிதிக்கப் புதையுமே தவிரத் தண்ணீர் நிற்காது. சிறுநீர்க் குழாய்க்கு அடியில் இருக்கும் தசையும் திசுவும்தான் அந்தத் தரை. பிரசவத்திலும் வயதிலும் அது தளர்ந்துவிடுகிறது. இருமும்போது வயிற்றின் அழுத்தம் குழாயை மேலிருந்து அமுக்குகிறது, அடியில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை, கசிகிறது. நாடா செய்வது அந்தத் தரையைத் திரும்பப் போட்டுக் கொடுப்பது மட்டுமே. பயிற்சியும் அதே தரையைத்தான் கெட்டியாக்குகிறது, கத்தி இல்லாமல்.

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போல ஆசனவாயையும், கூடவே முன்பக்கத்தையும் உள்ளே, மேலே இழுங்கள். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை விடுங்கள். முதலில் மூன்று நான்கு எண்ணிக்கைக்கு மேல் நிற்காது, பரவாயில்லை. இப்படி 8 முதல் 10 முறை, பிறகு வேகமாகச் சுருக்கி விடுவது 10 முறை. இது ஒரு சுற்று. ஒரு நாளுக்கு மூன்று சுற்று, குறைந்தது மூன்று மாதம். பழகியபின் செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடியே செய்யலாம்.

பயிற்சி பலிக்கவில்லை என்று வருகிறவர்களில் பலர் தசையை மேலே இழுப்பதற்குப் பதில் முக்குகிறார்கள். வயிறு புடைத்தாலோ, மூச்சு அடைத்தாலோ, தொடை இறுகினாலோ நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். சுத்தமான விரலைப் பிறப்புறுப்பினுள் வைத்துச் சுருக்கிப் பாருங்கள். விரலைக் கவ்வி உள்ளே இழுக்க வேண்டும், வெளியே தள்ளினால் தப்பு. ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள். அப்படிப் பழகினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

இன்னொரு சூட்சுமம்: தும்மல் வருகிறது என்று தெரிந்த நொடியில் முதலில் சுருக்குங்கள், பிறகு தும்முங்கள். பண்டலைத் தூக்கும் முன்னும் அப்படியே.

தண்ணீரை நிறுத்துவது கசிவை நிறுத்தாது. சிறுநீர் கெட்டியானால் பை எரிச்சலாகி அடிக்கடி அவசரப்படுத்தும், தொற்றும் வரும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் கழிப்பறைக்குப் போங்கள். அதற்கு விடாத சூப்பர்வைசர்தான் இந்த நோயில் பாதிக்குக் காரணம் என்பது எங்கள் கருத்து. உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலும் பலன் தெரியும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான பெண்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்தபோது வாராந்தரக் கசிவு ஏறக்குறைய பாதியானது.

கோபி வாசகி: எங்க அத்தைக்கு 58 வயசு, சர்க்கரையும் பிரஷரும் இருக்குது. எருமை பிடிக்கறது, பால் கறக்கறது எல்லாம் அவங்கதான். அடுத்த மாசம் நாடா ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்குதுங்க. என்ன பண்ணுவாங்க, நாங்க எதைப் பார்த்துக்கோணும்னு வெவரமாச் சொல்லுங்க.

குறித்த நாளுக்கு முன்னால் அத்தையின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் வகை இருந்தால் அதுவே வறட்டு இருமலைக் கொடுக்கும், இருமல் கசிவைக் கொடுக்கும். மாத்திரையை மாற்றினாலே சிலருக்குப் பிரச்சினை பாதியாகிவிடும். பிரசோசின் சிறுநீர்க் குழாயின் வாயைத் தளர்த்தும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் சர்க்கரை சிறுநீரோடு போகும், சிறுநீரும் கூடும், பிறப்புறுப்பில் அரிப்பும் வரும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கசிவைப் பற்றிச் சொல்லி மாற்றுக் கேளுங்கள்.

அடுத்து, இது எந்தக் கசிவு என்பது உறுதியாகியிருக்க வேண்டும். பை நிறைந்த நிலையில் நிற்க வைத்து இருமச் சொல்வார்கள். இருமும் அதே நொடியில் பீறிட்டு, இருமல் நின்றதும் நின்றால் அது நாடாவுக்கு ஏற்ற கசிவு. இருமி ஒன்றிரண்டு நொடி கழித்துத் தொடங்கி விடாமல் ஓடினால் பை தானாகச் சுருங்குகிறது என்று பொருள், நாடா அதற்கு மருந்தல்ல. சிறுநீர்ப் பரிசோதனையும், ஒண்ணுக்குப் போனபின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கும் ஸ்கேனும் கட்டாயம் வேண்டும். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை எல்லோருக்கும் தேவையில்லை. ஏற்கெனவே அறுவை நடந்தவர், அவசரக் கசிவும் கலந்திருப்பவர், மிச்சம் அதிகம் நிற்பவர் ஆகியோருக்கு வேண்டும். அடி இறக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ இறங்கியிருந்தால் அது குழாயை மடக்கி வைத்துக் கசிவை மறைத்திருக்கும்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8க்குக் கீழே வந்தபின் செய்யவே பல அறுவை மருத்துவர்கள் விரும்புவார்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் தையல் ஆறாது, ஆறாத தையலில்தான் நாடா வெளியே எட்டிப் பார்க்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்திருப்பதால் உள்ளே தடவும் எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் கிரீமைச் சில வாரம் முன்பே தொடங்குவது உண்டு. முதல் இரண்டு வாரம் தினமும் இரவில், பிறகு வாரம் இரண்டு நாள். மார்பகப் புற்றுநோய் வந்தவராக இருந்தால் கிரீமுக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும். அத்தை வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அதையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி அறுவை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் முடியும். சிறுநீர்த் துவாரத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே, பிறப்புறுப்பின் முன்சுவரில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். நாடா பாலிப்ரொப்பிலீன் இழையில் பின்னிய வலை. அகலம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது சேலை ஃபால்ஸைவிட மிகவும் குறுகல். அதன் இரு முனையையும் ஊசியால் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஒன்று, இடுப்பு முன்னெலும்புக்குப் பின்னால் ஏறி அடிவயிற்றில் வெளிவருவது. 1990களின் நடுவில் சுவீடனில் உல்ஃப் உல்ம்ஸ்டன் வடிவமைத்த முறை இது. மற்றொன்று 2001இல் பிரான்சில் டெலோர்ம் கொண்டுவந்தது, பக்கவாட்டில் தொடையிடுக்கில் வெளிவரும்.

முதல் வழியில் ஊசி சிறுநீர்ப்பையைக் குத்திவிட வாய்ப்பு உண்டு, 100 பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு அப்படி ஆகிறது. அதனால் நாடா ஊசியைச் செலுத்தியதும் பையை நீரால் நிரப்பி உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பார்கள். குத்தியிருந்தால் ஊசியை எடுத்து மறுபடி சரியாகப் போட்டு, சிறுநீர் வடியும் டியூபைக் கூடுதலாக ஓரிரு நாள் வைப்பார்கள். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் இது பெரிய கேடில்லை. கண்டுபிடிக்காமல் நாடா பைக்குள்ளேயே கிடந்தால்தான் கல்லும் தொற்றும் திரும்பத் திரும்ப வரும். இரண்டாம் வழியில் பைக்கு ஆபத்து குறைவு, ஆனால் தொடை உட்பக்கம் வலி வரலாம். குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறவருக்கு எந்த வழி என்பதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு வழியிலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்: பத்தில் எட்டுப் பேருக்குக் கசிவு நிற்கிறது.

கைப்பக்குவம் தெரிவது கடைசியில்தான். நாடாவை இழுத்துக் கட்டுவதில்லை. குழாய்க்கும் நாடாவுக்கும் நடுவே ஒரு கத்தரிக்கோல் முனையை வைத்து, அந்த இடைவெளி விட்டு, நாடாவைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மேலுறையை உருவுவார்கள். உறை போனதும் வலை இரு பக்கத் திசுவையும் தானாகப் பற்றிக்கொள்ளும், தையல் தேவையில்லை. நிற்கும்போது நாடா குழாயைத் தொடாமல் சும்மா கிடக்க வேண்டும், இருமும்போது மட்டும் தாங்க வேண்டும். ஒரு இழுப்புக் கூடினால் ஒண்ணுக்கே போகாது, குறைந்தால் கசிவு நிற்காது.

வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரே 12 கிலோவுக்கு மேல் வரும், தீவனக் கூடையும் பால் கேனும் அப்படியே. அந்த ஆறு வாரமும் தாம்பத்தியம் வேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்குவது தையலுக்கு ஆகாது. கறவைக்கு வேறு ஆளை முன்னாடியே பேசி வைப்பது நல்லது. சொன்னால் அத்தை கேட்க மாட்டார் என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

பொள்ளாச்சி வாசகி: நாடா வெச்சு எட்டு நாள் ஆச்சுங்க. கசிவு நின்னுருச்சு. ஆனா ஒண்ணுக்கு சொட்டுச் சொட்டா வருது. முன்னாடி குனிஞ்சு, பாதி எந்திரிச்சு நின்னாத்தான் போகுது.

காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். முதல் சில நாள் வேகம் குறைவது சகஜம். ஆனால் குனிந்தும் நின்றும் போக வேண்டியிருப்பது நாடா இறுக்கமாக இருப்பதன் அடையாளம். போனபின் ஸ்கேனில் 150 மில்லிக்கு மேல் மிச்சம் நின்றால் மெல்லிய டியூபை நீங்களே போட்டு வடிக்கக் கற்றுக் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் என்றால் அதே கீறலைத் திறந்து நாடாவைச் சற்றுக் கீழே இழுத்துத் தளர்த்திவிடலாம். அதற்குப் பிறகு திசு வலைக்குள் வளர்ந்துவிடும், தளராது, நடுவில் வெட்டத்தான் முடியும். வெட்டினாலும் பலருக்குக் கசிவு திரும்புவதில்லை, சிலருக்குத் திரும்பும். முக்கி முக்கிப் போகாதீர்கள். ஆறு மணி நேரம் ஒரு சொட்டும் வராமல் அடிவயிறு கல்லாக இருந்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, பேட் நனையும் அளவுக்கு ரத்தம் வந்தாலோ இரவானாலும் கிளம்புங்கள்.

சோமனூர் வாசகர்: வீட்டுக்காரிக்கு நாடா வைக்கச் சொல்றாங்க. வெளிநாட்டுல இந்த மெஷ்ஷைத் தடை பண்ணிட்டாங்கன்னு தறிக்கு வர்ற தம்பி செல்லுல காட்டுறான். நெசமுங்களா?

பாதி நிஜம். அமெரிக்காவில் 2019 ஏப்ரலில் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விற்பனையை நிறுத்தச் சொன்னது, அடி இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் பெரிய வலைத் துண்டுகளை. கசிவுக்கான மெல்லிய நாடா அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் நாடாவையும் சேர்த்தே நிறுத்தி வைத்தார்கள். தீராத வலியும் நாடா வெளிப்படுதலும் வந்த பெண்களின் முறையீடு அதற்குக் காரணம், அந்த முறையீட்டில் நியாயம் இருந்தது.

நூலோடு புழங்குகிறவர் நீங்கள், எளிதில் புரியும். பழைய நாடாக்கள் சில, பல புரி சேர்த்து முறுக்கிய நூலில் நெருக்கமாகப் பின்னியவை. கிருமி உள்ளே நுழையும், அதைக் கொல்லும் ரத்த அணுக்கள் நுழைய இடமில்லை. இப்போது வைப்பது ஒற்றை இழை, கண் 75 மைக்ரானுக்கு மேல். அப்படியும் 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு நாடா உள்தோலைத் தாண்டி வெளியே தெரியலாம். விடாத வெள்ளை, திட்டுத் திட்டாக ரத்தம், தாம்பத்தியத்தில் உங்களுக்கே கம்பி குத்துவது போல் படுவது, இவை அடையாளம். சிறியதென்றால் மேலே சொன்ன எஸ்ட்ரியால் கிரீமில் மூடும், இல்லையென்றால் அந்தத் துண்டை வெட்டித் தைக்க வேண்டும். முழுதாக எடுப்பது மட்டும் வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். 'பிடிக்கலைன்னா எடுத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மெஷ் வேண்டாம் என்றால் வயிற்றுத் தசையின் மேலுறையிலிருந்தே இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை எடுத்து நாடாவாக வைக்கலாம். வயிற்றில் தழும்பும் கூடுதல் நாள் ஓய்வும் அதற்கு விலை. நாடா வைப்பதென்றால், அதன் பெட்டியில் இருக்கும் தயாரிப்பு எண் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்துச் சிக்கல் வந்தால் உள்ளே இருப்பது எது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

தாராபுரம் வாசகி: இருமுனா ஒண்ணுமில்லைங்க. வருதுன்னு தோணுச்சுன்னா கதவைத் தொறக்கறதுக்குள்ள போயிருது. எனக்கும் நாடா வெப்பாங்களா?

வைக்கக் கூடாது, வைத்தால் அவசரம் கூடலாம். மூன்று நாள் எத்தனை மணிக்கு, எவ்வளவு போகிறது என்று அளவு போட்ட மக்கில் பிடித்து எழுதுங்கள். பிறகு தோன்றியதும் ஓடாமல் உட்கார்ந்து தசையைச் சுருக்கி ஐந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள், வாராவாரம் இடைவெளியைக் கூட்டுங்கள். ஆறு வாரம் ஆகும். டீ, காபியைக் குறையுங்கள். போதாவிட்டால் சோலிஃபெனசின், மிராபெக்ரான் போன்ற மாத்திரைகள் உண்டு. முன்னதில் வாய் வறளும், மலம் இறுகும். பின்னதைத் தொடங்கும்போது பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாமக்கல் வாசகி: கர்ப்பப்பை எடுத்துப் பத்து நாள் ஆகுது. படுத்தாலும் எந்திரிச்சாலும் ராவும் பகலும் ஒழுகிட்டே இருக்குதுங்க.

இது தளர்ச்சி அல்ல. சிறுநீர்ப்பைக்கோ, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்க்கோ பிறப்புறுப்போடு துளை விழுந்திருக்கலாம். உடனே ஒரு சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள். பையில் நீல மருந்து ஏற்றி உள்ளே பஞ்சு வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சு நீலமானால் துளை பையில், நீலமாகாமல் நனைந்தால் மேல் குழாயில். பையில் சின்னத் துளை என்றால் டியூபைச் சில வாரம் வைத்திருந்தாலே சிலருக்கு மூடிக்கொள்ளும்.

கரூர் வாசகர்: பிராஸ்டேட் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாசம். ஆம்பளைக்கு நாடா உண்டுங்களா?

உண்டு, ஆனால் அது வேறு நாடா, வேறு இடம். முதலில் மேலே சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள். பலருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கசிவு நன்றாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு பேட் நனைந்தால் நாடா, அதற்கு மேல் என்றால் சிறுநீர்க் குழாயை மூடித் திறக்கும் செயற்கைச் சுருக்கிக் கருவி.

பல்லடம் வாசகி: லீவு போட்டா சம்பளம் போயிருமேங்க.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் இஎஸ்ஐ மருத்துவர் தரும் சான்றிதழை வைத்துக் கூலியில் 70 சதவீதம் பெறலாம், வருடத்துக்கு 91 நாள் வரை. கோவை சிங்காநல்லூரில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில், சேர்வதற்கு முன்பே, இந்த அறுவைக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று கேளுங்கள். சேர்ந்தபின் கேட்டால் அலைச்சல். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரத்தில் திரும்பலாம். பண்டல் தூக்கும் வேலை என்றால் ஆறு வாரத்துக்குச் சான்றிதழ் எழுதச் சொல்லுங்கள்.