கப்பல் வரையப் போகிறேன் என்கிற மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா,

போன சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க வந்தபோது உங்களிடம் தனியாகப் பேச நேரம் கிடைக்கவில்லை. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். கிளம்பும்போது படியில் நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள்: "பனிக்கட்டிக் கடலுக்குப் பணக்காரங்க போற சொகுசுக் கப்பலை இவ வரையப் போறாளாம். இதெல்லாம் ஒரு படிப்பா சார்?" நின்ற வாக்கில் பதில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அது படிப்புதான் ஐயா. கப்பலை வடிவமைக்கும் பொறியியல்; நேவல் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். நல்ல படிப்பும்கூட. ஆனால் பாப்பா போனில் பார்க்கிற கப்பலுக்கும், அதை உருவாக்குகிறவர் தினமும் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் இடையே தூரம் அதிகம். அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தபிறகும் அவளுக்கு ஆசை குறையவில்லை என்றால், தாராளமாகச் சேர்த்துவிடலாம்.

அவள் காட்டிய படங்களில் பாதி 'நேஷனல் ஜியோகிராபிக் எண்டூரன்ஸ்' என்ற கப்பல். லிண்ட்பிளாட் எக்ஸ்பெடிஷன்ஸ் நிறுவனத்துக்காக நார்வேயின் உல்ஸ்டைன் நிறுவனம் வடிவமைத்துக் கட்டியது. இரும்பு உடல் போலந்தின் கிதினியா நகரில் உருவாகி, அங்கிருந்து கடல் வழியாக இழுத்துவரப்பட்டு, நார்வேயில் மற்ற வேலைகள் முடிந்து 2020 மார்ச்சில் கைமாறியது. நீளம் 124 மீட்டர். கட்டியபோது பயணிகள் 126 பேர்தான். ஐயாயிரம் பேரை ஏற்றும் கப்பல்கள் ஓடுகிற காலத்தில் ஏன் இவ்வளவு குறைவு என்று நீங்கள் கேட்கலாம். அண்டார்டிகாவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் 1991-ல் ஒரு சங்கம் தொடங்கி, தங்களுக்கென்று விதிகள் வைத்துக்கொண்டன. ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் கால் வைக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையுமே இறக்கக் கூடாது. ஆக, கப்பலின் அளவை முதலில் முடிவு செய்வது அந்தக் கரையும் அங்கே இருக்கிற பென்குயின்களும்தான். முதலாளியின் பணமும் வரைபவரின் கற்பனையும் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கப்பலின் மூக்கு தலைகீழாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் அணியம் என்று சொல்கிற முன்பகுதி, வழக்கமாக மேலே போகப் போக முன்னால் நீளும். இதில் பின்னால் சாய்கிறது. உல்ஸ்டைன்காரர்கள் 2006-லேயே எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலை செய்யும் கப்பல் ஒன்றில் இதைப் போட்டார்கள். அலை வந்து அறையும்போது கப்பல் தூக்கிப் போடப்படாமல், அலையைக் கிழித்துக்கொண்டு போகும். அறைக்குள் தூங்குகிறவருக்கு அதிர்வு குறையும். தென் அமெரிக்க முனையிலிருந்து அண்டார்டிகாவுக்குப் போக டிரேக் நீரிணையைக் கடக்க வேண்டும். உலகின் மோசமான கடல்களில் ஒன்று அது. அங்கே படுக்கையில் நிம்மதியாகப் புரண்டு படுக்க முடிவதுதான் பெரிய சொகுசு. அதைச் செய்து தருபவர் கணக்குப் போடுகிற பொறியாளர்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். இந்தத் தொழிலின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்தோ, விபத்தைப் பற்றிய பயமோ இருக்கிறது. இவ்வகைக் கப்பல்களுக்கு முன்னோடி 'லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரர்'. 1969-ல் பின்லாந்தில் கட்டிய சின்னச் சிவப்புக் கப்பல். பிறகு பெயர் மாறி, 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஓடிக்கொண்டிருந்தபோது, 2007 நவம்பர் 23 அன்று அண்டார்டிகா அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. 154 பேர் மணிக்கணக்கில் உயிர்காப்புப் படகுகளில் குளிரில் காத்திருந்தார்கள். 'நார்ட்நோர்கே' என்ற இன்னொரு பயணக் கப்பல் ஓடிவரக்கூடிய தூரத்தில் இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். அப்படி ஒரு கப்பல் பக்கத்தில் இல்லாத நாளில் என்ன ஆகியிருக்கும்?

2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிற போலார் கோடு என்ற சர்வதேச விதித்தொகுப்பு அந்தக் கேள்வியைத்தான் வடிவமைப்பாளரிடம் கேட்கிறது. துருவக் கடலில் உதவி வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட வேண்டும். அது 5 நாளுக்குக் குறையக் கூடாது. அதாவது படகில் இறங்கியவர்கள் ஐந்து நாள் உயிரோடு இருக்கத் தேவையான உணவு, தண்ணீர், சூடு எல்லாவற்றுக்கும் கப்பலை வரையும்போதே இடம் ஒதுக்கிவிட வேண்டும். இரும்புத் தகடு எவ்வளவு பனியைத் தாங்கும் என்பதற்கு பி.சி. (போலார் கிளாஸ்) 1 முதல் 7 வரை தரம் உண்டு; எண் குறையக் குறைய வலிமை கூடும். எண்டூரன்ஸ் பி.சி. 5. பிரான்சின் போனான் நிறுவனத்தின் 'லெ கொமாந்தான் ஷார்கோ' பி.சி. 2. அது 2021 செப்டம்பரில் வட துருவத்துக்கே போய் நின்றது.

பாப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை அவள் வரைந்த கப்பலைக் காட்டினாள். உச்சித் தளத்தில் நீலக் கலரில் ஒரு நீச்சல் குளம். "இதோட அளவு என்னம்மா?" என்று கேட்டேன். யோசித்து, 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றாள். "எத்தனை டன் தண்ணீர்?" என்றதும் ஓரத்தில் பெருக்கி, 48 என்று எழுதினாள். "கப்பல் ஒரு பக்கம் சாயும்போது இந்த 48 டன்னும் எங்கே போகும்?" பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சாயிற பக்கமே ஓடும் சார். இன்னும் சாய்க்கும்" என்றாள்.

ஐயா, அவள் சொன்ன அந்த ஒரு வரி நேவல் ஆர்க்கிடெக்சர் படிப்பில் ஒரு பாடமாகவே வரும். உயரத்தில் எடை ஏற ஏறக் கப்பலின் ஈர்ப்பு மையம் மேலே போகும்; கப்பல் எளிதில் சாயும். தளும்புகிற தண்ணீர் நிலைமையை இன்னும் கெடுக்கும். அதனால்தான் சொகுசுக் கப்பலில் மேல் தளத்துக் குளம் சின்னதாக இருக்கும். குளியலறையில் பளபளக்கிற பளிங்கும் பல இடங்களில் முழுக் கல்லாக இருக்காது. கல்லை மெல்லிய ஏடாகச் சீவி, தேன்கூடு போன்ற அலுமினியப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். நாற்காலி, கதவு, திரைச்சீலை என்று ஒவ்வொன்றின் எடையையும் எழுதிவைக்கவே ஆள் உண்டு. அந்தப் பட்டியலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும்.

என்னிடம் சில வருடம் முன்பு வந்த மாணவர் ஒருவர் இப்போது கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். முதன்முதலில் சாய்வுச் சோதனை பார்த்த நாளைப் பற்றி எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசினார். கட்டி முடியும் தறுவாயில் இருக்கிற கப்பலைத் தண்ணீரில் அசையாமல் நிறுத்தி, கயிறுகளைத் தளர்த்தி, தேவையில்லாத ஆட்களை இறக்கிவிடுவார்கள். தளத்தில் வைத்த எடைக்கட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்த்துவார்கள். உள்ளே நீளமான கம்பியில் ஒரு குண்டு தொங்கும். அது ஆடாமல் இருக்க எண்ணெய் வாளிக்குள் முங்கியிருக்கும். கம்பி எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று ஸ்கேலில் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்தச் சில மில்லிமீட்டரிலிருந்து முழுக் கப்பலின் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "மூச்சு விடக்கூட பயமா இருந்துச்சு சார்" என்றார். ரிப்பன் வெட்டிக் கப்பலைத் தண்ணீரில் இறக்கும் வைபவத்தைத்தான் நாம் டிவியில் பார்க்கிறோம். அன்றைக்குக் கப்பல் பெரும்பாலும் வெறும் கூடுதான். அதற்குப் பிறகுதான் வயரிங், குழாய், அறைகள், கடல் ஓட்டச் சோதனை எல்லாம்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த வகைக் கப்பல் தொழில் ஏற்ற இறக்கம் நிறைந்தது. எண்டூரன்ஸ் தயாரான மாதமே கொரோனா வந்து பயணங்கள் நின்றன. ஜெர்மனியில் 'கிரிஸ்டல் எண்டெவர்' கப்பல் 2021-ல் முடிந்தது. அதைக் கட்டிய எம்.வி. வெர்ஃப்டன் என்ற கப்பல் கட்டும் நிறுவனம் 2022 ஜனவரியில் திவாலானது. கப்பலை வேறு நிறுவனம் வாங்கிப் பெயர் மாற்றியது. ஆகவே, 'சொகுசுக் கப்பல் டிசைன்' என்று குறுகிய பெயர் போட்டு யாராவது கோர்ஸ் விற்றால் பணம் கட்டாதீர்கள். அடிப்படையான நான்கு வருட பி.டெக். நேவல் ஆர்க்கிடெக்சர் படிக்கட்டும். சரக்குக் கப்பல், போர்க்கப்பல், காற்றாலைப் பராமரிப்புக் கப்பல், கடலடி எண்ணெய் மேடை எதுவானாலும் அந்தப் படிப்பு சோறு போடும்.

எங்கே படிப்பது? சென்னை ஐ.ஐ.டி.யிலும் கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வழியாகச் சேர வேண்டும். கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தின் கப்பல் தொழில்நுட்பத் துறைக்கு நல்ல பெயர். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகம் இன்னொன்று, அதற்கு அந்தப் பல்கலைக்கழகமே நடத்தும் ஐ.எம்.யூ. செட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஜே.இ.இ.யை மட்டும் நம்பி மற்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தனியார் கல்லூரி என்றால், விளம்பரத்தில் உள்ள சம்பளத்தைப் பார்க்காமல், போன வருடம் படித்து முடித்த இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கிப் பேசுங்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "கடல்ல ஆறு மாசம் பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புறது" என்று கேட்டீர்கள். கப்பலில் ஏறிப் போவது, கப்பலைச் செலுத்தும் நாட்டிகல் சயின்ஸும் அதன் இன்ஜினைக் கவனிக்கும் மரைன் இன்ஜினியரிங்கும் படித்தவர்கள். கண் பார்வை உள்ளிட்ட மருத்துவத் தகுதி கட்டாயம் என்பதும் அந்தப் படிப்புகளுக்குத்தான். நேவல் ஆர்க்கிடெக்ட் கரையில் இருந்து வேலை செய்பவர்: டிசைன் அலுவலகம், கட்டும் தளம், அல்லது கப்பலுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு. கட்டும் தளத்தில் வெயிலில் ஹெல்மெட்டோடு ஏணி ஏற வேண்டியிருக்கும், ஆண்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஆனால் பெண்களுக்குப் புதிய துறை இல்லை. பெண்களுக்கு நிரந்தரப் பணி என்று 2008-ல் இந்தியக் கடற்படை முதலில் திறந்துவிட்ட சில பிரிவுகளில் கப்பல் வடிவமைப்பும் ஒன்று.

படித்து முடித்ததும் அண்டார்டிகா கப்பல் கையில் வராது. முதல் சில வருடம் டேங்கர் தகடு, சரக்குக் கப்பல் குழாய் என்றுதான் போகும். அதற்காகச் சோர்ந்துவிடக் கூடாது. நார்வேயின் ஓஸ்லோ வளைகுடாவில் சரக்கு ஏற்றிச் செல்ல 2022-ல் கொச்சின் ஷிப்யார்டு இரண்டு மின்சாரக் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. பனிக்கடலில் ஓடத் தகுதியுள்ள 'சாகர் நிதி' ஆய்வுக் கப்பலைச் சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் இயக்குகிறது. இந்தியாவின் முதல் துருவ ஆய்வுக் கப்பலை வடிவமைக்கக் கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. கப்பல் தளமும் நார்வேயின் காங்ஸ்பெர்க் நிறுவனமும் 2025 ஜூனில் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பாப்பா படித்து வரும்போது துருவக் கப்பல் வேலை நம் நாட்டிலேயே இருக்க வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு முதுகலையை இரண்டு வருட வேலைக்குப் பிறகு யோசிக்கலாம். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பனிக்கட்டியை உருவாக்கி அதில் மாதிரிக் கப்பலை ஓட்டிப் பார்க்கும் தொட்டியே இருக்கிறது. நார்வேயின் என்.டி.என்.யூ. பல்கலைக்கழகமும் பெயர் பெற்றது. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் 2023 முதல் நார்வே கட்டணம் வாங்குகிறது. "அங்கே படிப்பு இலவசம்" என்ற பழைய பேச்சை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இப்போதே வீட்டை அடகு வைக்கிற யோசனையும் வேண்டாம்.

இன்னொன்றையும் அவளிடம் கேளுங்கள்: அறைகளின் அழகா, கப்பலின் உடலா, எதில் மனம் அதிகம் போகிறது? அறைகள் என்றால் ஆர்க்கிடெக்சர், இன்டீரியர் டிசைன் பக்கம் போக வேண்டும். ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா என்ற நுழைவுத் தேர்வு. அவள் நோட்டைப் பார்த்தவரை எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் அவள் வாயால் வரட்டும்.

இப்போதைக்கு பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும்தான் முக்கியம். மிதப்பு விசைப் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். டெல்ஃப்ட்ஷிப் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கப்பல் உடல் வரைந்து பார்க்கலாம்; அதற்கு மேல் வேண்டாம், தேர்வு இருக்கிறது. அரையாண்டு முடிந்ததும் இருவரும் ஒரு தடவை வாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். குளத்தை எந்தத் தளத்துக்கு இறக்கியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.