முதல் கையில் வாங்கியவர் யார்? – பழைய கார் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். 'என் கார் முதன்முதலில் எந்தக் கடையில், எப்போது, யாருக்கு விற்கப்பட்டது, எப்படிக் கண்டுபிடிப்பது?' அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கார்பரேட்டர் பற்றிக் கேட்ட மூன்று பேரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், போன வருடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் ஒன்று வாங்கினேன். விற்றவர், 'டொரொன்டோ ஷோரூமிலிருந்து நேராக இறங்கிய வண்டி, ஒரே குடும்பம் வைத்திருந்தது' என்றார். சேஸிஸ் எண் 7ஆர்01சி என்று தொடங்குகிறது. டிரைவர் கதவில் இருக்கும் தகட்டில் 71 என்று ஓர் எண் இருக்கிறது. இதை வைத்து முதலில் விற்ற டீலரைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: டீலரைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் உங்களுக்குச் சொன்ன டொரொன்டோ கதை அந்தத் தகட்டிலேயே அடிபட்டுப் போகிறது.

7 என்றால் 1967 மாடல். ஆர் என்றால் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே தொழிற்சாலை. 01 ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத கெட்டிக் கூரை. சி என்பது 289 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டு பேரல் கார்பரேட்டர். இது வரைக்கும் பிரச்சினை இல்லை. கதவுத் தகட்டில் இருக்கும் 71 தான் முக்கியம். ஃபோர்டு கம்பெனி நாட்டையே விற்பனை மாவட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுத்திருந்தது. 71 லாஸ் ஏஞ்சல்ஸ், 74 சியாட்டில், 13 நியூயார்க். கனடாவுக்குப் போன கார்களுக்குக் குறியீடே வேறு, எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஆக உங்கள் கார் சான் ஹோசேயில் செய்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து டீலருக்குப் போன கார். கனடாவுக்கு அது பிறகு வந்திருக்கிறது. விற்றவர் பொய் சொன்னார் என்று சொல்லவில்லை, அவரும் யாரோ சொன்னதை நம்பியிருக்கலாம். பழைய கார் கதைகள் கை மாற மாற வளரும்.

ஆனால் இதை முடிவாக எடுத்துக்கொள்ளும் முன் ஒரு வேலை. அந்தத் தகடு கதவில் ரிவெட் அடித்து வைத்தது. கதவு அடிபட்டு வேறு கதவு மாட்டியிருந்தால் தகடும் வேறு காருடையதாக இருக்கும். அதனால் பானெட்டைத் திறந்து, டிரைவர் பக்க மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பாடித் தகரத்தின் மேல் விளிம்பைப் பாருங்கள். அந்த இடத்தில் மட்கார்டில் சின்னதாக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள், அதன் வழியாகச் சேஸிஸ் எண் அடித்திருப்பது தெரியும். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறியிருந்தால் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்த எண்ணும் கதவுத் தகட்டில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் 71 உங்கள் காரைப் பற்றிப் பேசுகிறது.

சரி, டீலர் பெயர். நீங்கள் அதிர்ஷ்டக்காரர், 1967 வாங்கியிருக்கிறீர்கள். அந்த மாடல் வருடத்திலிருந்து வட அமெரிக்காவில் தயாரான ஃபோர்டு, மெர்குரி, லிங்கன் கார்களின் தயாரிப்புத் தரவு அமெரிக்காவில் கெவின் மார்ட்டி என்பவரிடம், ஃபோர்டின் அனுமதியோடு இருக்கிறது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் 'மார்ட்டி ரிப்போர்ட்' வரும். மூன்று தரத்தில் தருகிறார்கள். இருப்பதிலேயே மலிவானதை வாங்கிவிட்டு 'டீலர் பெயர் இல்லையே' என்று எனக்கு எழுதாதீர்கள். நடுத்தர அறிக்கையில்தான் ஆர்டர் போட்ட தேதி, தயாரான தேதி, விற்ற தேதி, டீலர் விவரம் எல்லாம் இருக்கும். சட்டம் போட்டு மாட்டும் ஆடம்பர அறிக்கை உங்கள் இஷ்டம்.

இனிமேல்தான் பலர் குழம்பும் இடம். கம்பெனிக் கணக்கு எதுவாக இருந்தாலும், மஸ்டாங் ஆகட்டும் மோரிஸ் ஆகட்டும், அது கார் எந்தக் கடைக்குப் போனது என்று சொல்லும். யார் வாங்கினார் என்று சொல்லாது. வாங்கியவர் பெயர் அரசாங்கப் பதிவிலும் டீலரின் பில் புத்தகத்திலும்தான் இருக்கும். இவை இரண்டு தனித்தனி தேடல்கள். முதல் தேடல் முடிந்த கையோடு இரண்டாவதும் முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அமெரிக்காவில் இரண்டாவது தேடல் கடினம். வாகனப் பதிவில் இருக்கும் தனிநபர் விவரங்களை மாநில அலுவலகங்கள் கண்டவருக்கும் கொடுக்கக்கூடாது என்று 1994-ல் மத்தியச் சட்டமே போட்டுவிட்டார்கள். அதனால் அலுவலகத்தை விட்டுவிட்டுக் காருக்குள்ளேயே தேடுங்கள். பின் சீட்டைக் கழற்றி ஸ்பிரிங்குக்கு நடுவில் பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்குங்கள், மீட்டர் பலகைக்குப் பின்னால் கை விடுங்கள். தொழிற்சாலையில் வேலையாட்கள் பார்த்துப் பார்த்துப் பாகங்களைப் பொருத்த வைத்திருந்த ஆர்டர் தாள் சில கார்களில் அங்கேயே மடிந்து கிடக்கும், எலி கடிக்காமல் இருந்தால். டிக்கி மூடியில் டீலரின் பெயர்ப் பட்டை மாட்டிக் கழற்றிய இரண்டு துளைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். டீலர் பெயர் கிடைத்த பிறகு அந்த ஊர் நூலகத்துக்கு எழுதுங்கள். பழைய தொலைபேசிப் புத்தகமும் உள்ளூர் பத்திரிகை விளம்பரமும் வைத்திருப்பார்கள். கடை மூடியிருந்தாலும் அந்தக் குடும்பத்தில் யாராவது அதே ஊரில் இருப்பார்கள்.

இன்னொன்று: அறிக்கையில் வரும் டீலர்தான் விற்றவர் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 'உன்னிடம் சிவப்பு இருக்கிறதா, என்னிடம் நீலம் இருக்கிறது' என்று பக்கத்து ஊர் டீலர்கள் ஒருவருக்கொருவர் கார் மாற்றிக்கொள்வது அன்றாட வியாபாரம்.

கனடாவுக்கு வந்த பிறகு நடந்ததை அறிய, ஒன்டாரியோ அரசு தரும் பழைய வாகனத் தகவல் தொகுப்பை வாங்குங்கள். அந்த மாகாணத்தில் கார் பதிவான வரலாறு அதில் இருக்கும். 'ஒரே குடும்பம்' என்பதில் எவ்வளவு உண்மை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: என் நண்பரிடம் 1965 மஸ்டாங் இருக்கிறது. அதற்கு மார்ட்டி ரிப்போர்ட் கிடையாது என்கிறார்கள். இரண்டு வருடத்தில் என்ன வந்துவிட்டது?
– ஒரு வாசகர், மிசிசாகா

பதில்: 1967-க்கு முந்திய மஸ்டாங்குகளுக்கு அந்த மாதிரி கார்வாரியான தரவு பிழைக்கவில்லை. உங்கள் நண்பர் கதவுத் தகட்டோடு திருப்திப்பட வேண்டியதுதான். மாவட்டம் தெரியும், கடை தெரியாது. மிச்சத்துக்குக் காகிதம்தான் கதி: பில், உத்தரவாதச் சீட்டு, சர்வீஸ் ரசீது, பழைய குடும்ப போட்டோ.

ஆனால் அந்தக் காலத்து மஸ்டாங் ஒன்றின் முதல் விற்பனை உலகத்துக்கே தெரியும், அதுவும் கனடாவில் நடந்தது. வரிசை எண் 100001, அதாவது முதல் எண், கூரையை மடக்கக்கூடிய வெள்ளை நிறக் கன்வர்ட்டிபிள். ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்க முன்கூட்டியே தயாரித்து அனுப்பிய கார்களில் ஒன்று. விற்பதற்கு அல்ல. 1964 ஏப்ரல் 17 அறிமுக நாள். அதற்குள், நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் டீலரிடம் ஸ்டான்லி டக்கர் என்ற விமானி போய், எனக்கு இதுதான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். விற்ற பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. அவரோ திருப்பித் தர மறுத்து, ஆசை தீர சுமார் 10,000 மைல் ஓட்டினார். கடைசியில் 1966-ல், பத்து லட்சத்து ஒன்றாவது மஸ்டாங்கை அவருக்குக் கொடுத்துத்தான் ஃபோர்டு அந்த முதல் எண் காரைத் திரும்ப வாங்கியது. இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த மனிதர்!

கேள்வி: எங்கட அப்பப்பாவின் மோரிஸ் மைனர் இன்னும் வீட்டிலே நிற்குது. 1955 என்று அப்பா சொல்றார். நம்பர் ஈ.எல். என்று தொடங்கும். சேஸிஸ் தகட்டில் எஃப்.ஏ.ஏ. 21 என்று இருக்கு, பிறகு எண்கள். இப்ப கார் வெள்ளை நிறம். இங்கிலாந்தில் இதற்குப் பதிவு இருக்குமா?
– ஒரு வாசகி, சுன்னாகம், யாழ்ப்பாணம்

பதில்: இங்கிலாந்துக்கு எழுதும் முன் அந்தத் தகட்டையே படித்துவிடலாம், தங்கச்சி. 1950-களின் நடுவில் மோரிஸ்காரர்கள் சேஸிஸ் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன ஜாதகமே எழுதி வைத்தார்கள். எஃப் என்றால் மைனர். அடுத்த ஏ, நாலு கதவு. அதற்கடுத்த ஏ, கறுப்பு நிறம். ஆக உங்கள் கார் கறுப்பாகப் பிறந்தது, கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அடியில் இன்னும் கறுப்பு தெரியலாம். எண்களில் முதலாவது 2 என்பது வலப்பக்க ஸ்டியரிங், ஏற்றுமதி. அந்த இடத்தில் 1 இருந்தால் உள்நாட்டுக்குச் செய்தது, 5 இருந்தால் உதிரியாகப் பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டியது. உங்களுடையது 2. அதாவது முழுக் காராகவே கப்பல் ஏறியிருக்கிறது. கடைசி 1 பெயிண்ட் வகை.

1955 என்பதைச் சரிபார்க்க முன் கண்ணாடியைப் பாருங்கள். நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் சரி. 1956-ல் வந்த மைனர் 1000-லிருந்து ஒரே கண்ணாடி. நம்பர் பிளேட்டும் ஒத்துப்போகிறது. 1958-ல் நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வரும் முன் கொடுத்த எண் அது. அந்த எழுத்துக்காக உங்கள் ஊரில் என்னென்ன நடந்தது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பதிவு விஷயம்: இங்கிலாந்தில் வாரிக்‌ஷயர், கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி., ட்ரயம்ஃப் என்று பல கம்பெனிகளின் தயாரிப்பேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணும் கட்டணமும் அனுப்பினால், அந்த வருடத்து ஏடு பிழைத்திருந்தால், சான்றிதழ் தருவார்கள். தயாரான நாள், அனுப்பிய நாள், நிறம், எஞ்சின் எண், எங்கே அனுப்பினார்கள் என்பது இருக்கும். ஏற்றுமதிக் கார்களுக்குப் பெரும்பாலும் நாட்டோடு அல்லது ஏஜென்டோடு நின்றுவிடும். உங்கள் அப்பப்பா பெயரை அங்கே தேடாதீர்கள். அதற்கு நாரஹேன்பிட்டவில் இருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தைத்தான் கேட்கவேண்டும். இலங்கையில் கார் எத்தனை கை மாறினாலும் பழைய எண் மாறாது என்பது உங்களுக்கு வசதி, அந்த ஓர் எண்ணை வைத்தே ஆரம்பம் வரை போகலாம். அப்பப்பாதான் முதல் உரிமையாளரா அல்லது அவரும் இரண்டாம் கையா என்பதையும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

சான்றிதழில் வரும் எஞ்சின் எண் காரில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் கவலைப்படாதீர்கள். 1955 காரில் 803 சிசி எஞ்சின்தான் வந்திருக்கும். பெட்ரோல் கிடைக்காத யுத்தகாலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்துக் கார்களில் முதல் எஞ்சினே இன்னும் இருந்தால் அதுதான் செய்தி.

கேள்வி: 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னை. ட்ரயம்ஃப் ஹெரால்டுதானே இது, கேடன் காப்பகத்தில் கேட்கலாமா? அப்புறம், விண்டேஜ் பதிவு செய்தால் என் பழைய எம்.எஸ். நம்பர் போய்விடும் என்கிறார்கள், உண்மையா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கேட்டுப் பயனில்லை. டிசைன் இங்கிலாந்துடையது, கார் உங்கள் வீட்டுப் பக்கத்தில் வண்டலூரில் செய்தது. 1961-லிருந்து இங்கே உருவான ஹெரால்டுகள் இங்கிலாந்துத் தொழிற்சாலை ஏட்டில் தனித்தனிக் காராக ஏறாது. இங்கே செய்த கம்பெனியும் இப்போது இல்லை.

உங்கள் ஆதாரம் அந்தப் பழைய ஆர்.சி. புக்தான். முதல் பக்கத்தில் முதல் பெயர், பிறகு பெயர் மாற்றங்கள், பைனான்ஸ் இருந்தால் அந்த முத்திரை. தேதிகளைக் கூர்ந்து பாருங்கள். அந்தக் காலத்தில் கார் கடையில் போய் எடுத்து வரும் பொருள் இல்லை, பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். 1959-ல் வந்த மோட்டார் கார் விநியோகக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, வாங்கிய புதுக் காரை இரண்டு வருடத்துக்குள் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது. முதல் பெயர் மாற்றம் இரண்டு வருடம் முடிந்த கையோடு நடந்திருந்தால், கோட்டாவில் வாங்கி லாபத்துக்குக் கை மாற்றிய கார் என்று சந்தேகப்படலாம். அப்படி நிறைய நடந்தது. ஆர்.சி. புக் தொலைந்திருந்தால், கார் முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவேட்டு நகலுக்கு எழுதிக் கொடுங்கள். ஆன்லைனில் தேடி 'தகவல் இல்லை' என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்துப் பேரேடுகள் பல கணினிக்குள் போகவே இல்லை.

நம்பர் போகாது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜாகப் பதியலாம். நடுவில் வி.ஏ. எழுத்து போட்ட வரிசை எண் புதிதாகப் பதிகிறவர்களுக்கு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் விண்டேஜ் என்று பதிந்த பிறகு தினமும் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான். அதை யோசித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.