நெயில் ஃபாயில் பாதி ஒட்டிப் பாதி விட்டுப்போகிறது, டாப் கோட் போட்டதும் சுருங்குகிறது. பசை வாங்கலாமா, ஜெல்லுக்கு மாறலாமா, வேறு வழி இருக்கிறதா?

கேட்டிருப்பது சாதா நெயில் பாலிஷ் மேல் ஃபாயில் (உலோகப் பளபளப்பு நகத்துக்கு இடம் மாறும்படி செய்த மெல்லிய தாள்) வைத்து அழுத்துகிறவர். அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் ஒட்டுகிறதாம், ஒட்டிய இடமும் டாப் கோட் (கடைசியாக மேலே பூசுகிற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) பட்டதும் சுருங்கி மங்கிவிடுகிறதாம், நகம் முழுக்கக் கண்ணாடி மாதிரி வர வேண்டுமாம். இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருக்கிறது. கடைசி ஆசையை மட்டும் முதலிலேயே கிள்ளிவிடுகிறேன்: நகம் முழுக்கக் கீறல் இல்லாத கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் ஃபாயில் அதற்கான பொருளே இல்லை. ஃபாயிலின் அழகே கொஞ்சம் கிழிந்தும் கொஞ்சம் விட்டும் அடியில் இருக்கும் நிறம் எட்டிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அதோடு சண்டை போடுவதை நிறுத்தினாலே பாதி எரிச்சல் போய்விடும்.

முதலில் அந்த ஃபாயில் ரோலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கையில் பிடித்துப் பார்க்கிற பிளாஸ்டிக் தாள் நகத்தில் போகிற பொருள் இல்லை, அது சும்மா சுமந்து வருகிற தாள்தான். அதன் அடியில் எளிதாகக் கழன்று வரும்படி ஒரு பூச்சு, அதற்குக் கீழே நிறம் கலந்த மெல்லிய அரக்கு, அதற்கும் கீழே ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம். அந்த அலுமினியப் படலம் ஒரு மைக்ரானில் சிறு பங்குகூட இருக்காது. அதனால்தான் நிறமும் டிசைனும் தெரிகிற பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க, மங்கலான பக்கம் நகத்தைப் பார்க்க வைக்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலர் பளபளப்புப் பக்கத்தைத்தான் நகத்தில் ஒட்ட வேண்டும் என்று நினைத்துத் திருப்பி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் வராது.

சமையலறை அலுமினியத் தாளையோ சாக்லேட் சுற்றி வருகிற தாளையோ வைத்துச் செய்ய முடியுமா என்று இதே கேள்விக்குக் கீழே இன்னொருவரும் கேட்டிருக்கிறார். முடியாது. அது முழுக்க உலோகத் தகடு, கழன்று வருகிற படலம் எதுவும் அதில் கிடையாது, அப்படியே வெட்டி ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு துணியிலும் முடியிலும் மாட்டும். காகிதக் கைவினைக்கு விற்கிற ஃபாயிலும் பெரும்பாலும் சூடு பட்டால்தான் கழன்று வரும்படி செய்தது, விரல் அழுத்தத்துக்கு அடங்காது.

சரி, ஏன் பாதி மட்டும் ஒட்டுகிறது? அடியில் இருப்பதன் பிசுபிசுப்பு சரியான அளவில் இல்லை, அவ்வளவுதான். சாதா பாலிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அது கரைப்பான் ஆவியாகி ஆவியாகிக் காய்வது, முதலில் மேற்பரப்பு, அப்புறம் உள்பக்கம். சீக்கிரம் அழுத்தினால் பாலிஷ் ஃபாயிலோடு இழுபட்டு வரும், நகத்தில் சுருக்கம் விழும். தாமதமாக அழுத்தினால் மேலே காய்ந்த இடமெல்லாம் ஃபாயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம் மிகக் குறுகியது. அதிலும் நகத்தின் ஓரத்தில் பாலிஷ் மெல்லிசாக இருப்பதால் அங்கே முதலில் காய்கிறது, நடுவில் தடிமனாக இருப்பதால் பின்னால் காய்கிறது. ஒரே நகத்தில் ஓரம் தாண்டிப்போயிருக்கும், நடு இன்னும் ஈரமாக இருக்கும். நீங்கள் சொல்கிற திட்டுத் திட்டு இங்கிருந்துதான் வருகிறது, கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலிஷ் முறையிலேயே தொடர்வதென்றால் பத்து விரலுக்கும் பூசிவிட்டு ஆரம்பிக்கக் கூடாது. ஒரு நகத்துக்கு மெல்லிசாக ஒரு கோட், சுண்டு விரலின் நுனியை ஓரத்தில் லேசாக வைத்துப் பாருங்கள், விரலில் நிறம் படாமல் ஆனால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அப்போதே அழுத்தி எடுத்துவிட்டு அடுத்த நகத்துக்குப் போங்கள்.

ஃபாயில் பசை இந்தத் தொல்லையைத்தான் தீர்க்கிறது. பாட்டிலில் இருந்து வரும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், தண்ணீர் போகப் போக நிறமில்லாமல் தெளிந்துவிடும். தெளிந்த பிறகும் பிசுபிசுப்பு போகாது, நிதானமாக வேலை செய்யலாம். இதை அடியில் போட்ட பாலிஷ் முழுசாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும், அதுவும் மெல்லிசாக. தடிமனாகப் பூசினால் ஓரம் தெளிந்து நடுவில் வெள்ளை நின்றுவிடும். அந்த வெள்ளை இருக்கிற இடத்தில் ஃபாயிலை வைத்தால் பசையே குழைந்து நகர்ந்துவிடும், மேலே பளபளப்புக்கு அடியில் சின்னச் சின்னப் புடைப்பாகத் தெரியும், அதற்கப்புறம் துடைத்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிப்பதைத் தவிர வழி இல்லை. கடைசித் துளி வெள்ளையும் மறைகிற வரை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இந்த முறையின் கஷ்டமே.

பசையில் இன்னொரு வசதி உண்டு, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. மெல்லிய பிரஷால் பசையில் ஒரு கோடோ இலையோ வரைந்து, தெளிந்த பிறகு ஃபாயிலை அழுத்தி எடுத்தால் வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும், மற்ற இடம் பாலிஷாகவே இருக்கும். உலோகக் கோடு இவ்வளவு கூர்மையாக பிரஷும் மெட்டாலிக் பாலிஷும் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அழுத்துகிற விதத்தைப் பற்றி: நகம் இரண்டு பக்கமும் வளைந்தது, தாளோ தட்டையானது. பெரிய துண்டாக வைத்தால் ஓரத்தில் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் ஒட்டாது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, நடுவில் முதலில் அழுத்தி, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் காட்டன் பட்ஸாலோ பென்சில் பின்னால் இருக்கிற ரப்பராலோ நன்றாகத் தேய்த்து, ஒரே வீச்சில் இழுங்கள். விட்டுப்போன இடத்தில் அதே தாளின் புதிய பகுதியை வைத்து மறுபடி அழுத்தலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எந்த இடம் நகத்துக்குப் போயிருக்கிறது என்று தெரியும், போன இடம் நிறமில்லாமல் ஊடே தெரிகிற மாதிரி இருக்கும். கிழிந்த தோற்றம் வேண்டும் என்றால் தேய்க்கவே வேண்டாம், தாளைக் கசக்கிக்கொண்டு தட்டித் தட்டி எடுத்தால் போதும். அடியில் ஃபாயிலின் நிறத்துக்கு நெருங்கிய பாலிஷ் போட்டிருந்தால் ஓட்டை தெரியாது, மாறாகக் கறுப்போ அடர்ந்த நீலமோ போட்டிருந்தால் ஓட்டைதான் டிசைன்.

இப்போது டாப் கோட். சுருங்குவதற்குக் காரணம் முழுக்க வேதியியல்தான். சாதா டாப் கோட்டில் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. அவை மேலே சொன்ன அந்த அரக்குப் படலத்தை இளக்கிவிடும், இளகிய படலம் காயும்போது இழுபட்டு நுண்ணிய விரிசலாக, சுருக்கமாக நிற்கும், கண்ணாடித் தன்மை போய்ச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். பிரஷை இரண்டு முறை ஒரே இடத்தில் ஓட்டினால் இன்னும் மோசம். இதற்குத் தீர்வு தண்ணீர் அடிப்படையிலான டாப் கோட். முதலில் அதை மெல்லிசாக ஒன்றோ இரண்டோ கோட் போட்டு, நன்றாகக் காயவிட்டு, வேண்டுமானால் அதன் மேல் வழக்கமான டாப் கோட்டைப் போடலாம், அப்போது கரைப்பான் ஃபாயிலைத் தொடாது. பிரஷை அழுத்தாமல், துளியை மிதக்கவிட்டு இழுக்கிற மாதிரி போட வேண்டும். எல்லா ஃபாயிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, ஒரு ரோல் சுருங்கும், பக்கத்து ரோல் ஒன்றும் ஆகாது, அதனால் நகத்தில் போடுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் துண்டில் ஒட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஆனால் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன், பசை முறை அதிக நாள் தாங்காது. பசை கடைசி வரை மென்மையாகவே இருக்கிறது, அதன் மேல் கடினமான டாப் கோட். பாத்திரம் கழுவினால் நுனியில் இருந்து தேயும். நுனியின் விளிம்பிலும் டாப் கோட்டை இழுத்து மூடினால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஒரு விசேஷத்துக்கு, ஒரு வார இறுதிக்கு என்றால் இது போதும்.

ஜெல்தான் உழைக்கிறது. ஜெல் பாலிஷ் காய்வதில்லை, நகத்துக்கென்றே விற்கிற UV அல்லது LED லேம்ப் வெளிச்சத்தில் இறுகுகிறது. காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் மேற்பரப்பில் மட்டும் இறுகவிடாமல் தடுப்பதால் லேம்பிலிருந்து எடுத்த பிறகும் மேலே ஒரு பிசுபிசுப்பான ஏடு நிற்கும். சிலர் அந்த ஏட்டிலேயே ஃபாயிலை அழுத்துகிறார்கள், அது சில ஜெல்லில் நன்றாகப் பிடிக்கும், சிலதில் வழுக்கும். திட்டுத் திட்டான தோற்றத்துக்கு அதுவே போதும். முழுசாக வர வேண்டும் என்றால் ஃபாயில் ஜெல் என்று தனியாக விற்கிறார்கள், அதை மெல்லிசாகப் பூசி, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் லேம்பில் வைத்து, பிறகு அழுத்தினால் பசையைவிட நிறைவாக ஒட்டும். ஜெல் டாப் கோட்டில் அந்தக் கரைப்பான்கள் இல்லாததால் சுருக்கமும் பெரும்பாலும் வராது.

அதில் வருகிற பிரச்சினை வேறு. ஃபாயிலின் மேற்பரப்பு வழவழப்பானது, ஜெல் டாப் கோட்டுக்கு அதன் மேல் பிடிமானம் குறைவு, நகம் முழுக்க ஓரம் வரை ஃபாயில் இருந்தால் சில நாளில் டாப் கோட் மட்டும் ஒரு மூடி மாதிரி கழன்று வரும், அடியில் ஃபாயிலும் அதோடு போயிருக்கும். அதனால் நகத்தைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஃபாயில் இல்லாமல் விட்டுவிடுங்கள், டாப் கோட் அங்கே அடி ஜெல்லைப் பிடித்துக்கொள்ளும். ஃபாயிலுக்கு மேல் நேரடியாக டாப் கோட் போடாமல் நடுவில் மெல்லிசாக ஒரு பேஸ் ஜெல் (அடிப்பூச்சு ஜெல்) போட்டால் இன்னும் நல்லது. சாதா பாலிஷும் பசையும் போட்டுவிட்டு அதற்கு மேல் ஜெல் டாப் கோட் போடுகிற குறுக்கு வழி வேண்டாம், அடி மென்மையாக இருக்கும்போது மேல் ஓடு நிற்காது.

ஜெல் என்றால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இறுகாத ஜெல் தோலில் படக் கூடாது. அதில் இருக்கிற அக்ரிலேட் வகைப் பொருள்களுக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது பொதுவாக ஆயுளுக்கும் போகாது, பல் அடைக்கிற பொருளிலும் அதே குடும்பம் இருப்பதால் பின்னால் அங்கேயும் தொல்லை தரலாம். நகத்தைச் சுற்றித் தோலில் பட்டால் லேம்பில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். ஜெல்லுக்குச் சொன்ன லேம்பைத்தான் பயன்படுத்த வேண்டும், வேறு ஏதோ லேம்பில் மேலே இறுகி உள்ளே பச்சையாகவே இருக்க வாய்ப்புண்டு. நகத்தைச் சுற்றி அரிப்போ சிவப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மற்ற வழிகளில் உங்கள் கண்ணாடி ஆசைக்கு உண்மையான பதில் குரோம் பவுடர். துடைக்கத் தேவையில்லாத (இறுகிய பிறகு மேலே பிசுபிசுப்பு நிற்காத) ஜெல் டாப் கோட்டை லேம்பில் இறுக்கிவிட்டு அதன் மேல் இந்த நுண்ணிய தூளைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் கண்ணெதிரே உலோகமாக மாறும். மடிப்பு, ஓட்டை எதுவும் கிடையாது. ஆனால் தூள் பறக்கும், முகமூடி போட்டுக்கொள்வது நல்லது. அடியில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கும், லேம்ப் இல்லாமல் இதைச் செய்வதும் கஷ்டம். மெட்டாலிக் பாலிஷ் எல்லாவற்றிலும் சுலபம், பிரஷ் கோடு தெரியும், கண்ணாடி ஆகாது. ஒட்டுப் பட்டைகள் வேகமானவை, நகத்தின் அளவு பொருந்தினால் அழகு, பொருந்தாவிட்டால் ஓரத்தில் சுருக்கம் நிற்கும். தங்கத் தாள் துணுக்குகளை இடுக்கியால் எடுத்து வைப்பது எனக்குப் பிடித்த வேலை, மூச்சு விட்டாலே பறந்துவிடும் என்பதைத் தவிர. விலை குறைந்தவை பெரும்பாலும் பித்தளைத் தாள், காற்றுப் பட்டுக் கறுக்கும், அதனால் மேலே நன்றாக மூட வேண்டும்.

உங்களிடம் லேம்ப் இல்லை என்றால் ஜெல்லுக்காகப் புதிதாக எல்லாம் வாங்குவதற்கு முன் ஒரு பாட்டில் ஃபாயில் பசையும் தண்ணீர் டாப் கோட்டும் மட்டும் வாங்கிப் பாருங்கள், இப்போதிருக்கிற ரோலிலேயே வித்தியாசம் தெரியும். லேம்ப் ஏற்கெனவே இருந்தால் பசைக்குச் செலவழிக்க வேண்டாம், நேராக ஃபாயில் ஜெல்.

எடுக்கும்போது பிய்க்காதீர்கள், குறிப்பாக ஜெல்லை, நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பளபளத் துணுக்கெல்லாம் நகக்கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும், நாலு தடவை சோப்புப் போட்டாலும் போகாது.